புதுப்பிப்பு: பழைய ட்ரக்டர் அச்சு பெயாரிங் இறுக்கம்

ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோகத் தகடு) சரியாக வைத்தும் கொஞ்சம் ஓடியதும் சில்லு ஆடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: டேப்பர் பெயாரிங்கின் (கூம்பு வடிவ உருளைகள் உள்ள பெயாரிங்) வெளிவளையம் அதன் குழியில் அடிவரை இறங்கவில்லை. பாரம் ஏறியதும் அது உட்கார, வைத்த இறுக்கம் போய்விடுகிறது.

வளையத்தை அழுத்தி இறக்கியபின் ஒயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) போடாமல் இறுக்கத்தை அளவிடுங்கள்; சீலின் உராய்வு கணக்கைக் கெடுக்கும். எண்ணெய் விட்டு நன்றாகச் சுழற்றினால்தான் உருளைகள் தம் இடத்தில் அமரும். பிறகு சுழலும் பாகத்தில் நூல் சுற்றி வில்தராசால் இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது வாசியுங்கள். 5 செ.மீ. ஆரத்தில் 2 கிலோ என்றால் சுழற்றத் தேவைப்படும் முறுக்குவிசை சுமார் 1 நியூட்டன் மீட்டர். அதை ட்ரக்டரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பெயாரிங் மூடிக்குக் கீழே இருந்து ஷிம்மை எடுத்தால் இறுக்கம் கூடும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஷிம் வாங்கினால் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்தே வாங்குங்கள்.