ஒரே தாய் பொரித்த வெடைக்கோழிகள், முட்டை மட்டும் ஆளுக்கொரு நிறம்

கிழக்குத்தோட்டம், பல்லடம்:
எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ரகம், ஒரே தாய் பொரித்த வெடைகள், அதாவது முதல் முட்டைக்கு வரும் இளம் பெட்டைகள். கொண்டை சிவந்து, கையைக் கொண்டுபோனால் பம்மி உட்கார ஆரம்பித்ததும் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தேன். ஒன்று தவிட்டு நிறத்தில் போட்டது, இன்னொன்று சந்தன நிறத்தில். மூன்றாவது கிட்டத்தட்ட நாமக்கல் வெள்ளை. வாடிக்கையாக வாங்கும் அக்கா அதைப் பார்த்ததும், "கடை முட்டையைக் கலந்துட்டயா கண்ணு?" என்றார். பண்ணை முட்டையை டீத்தண்ணியில் முக்கி நாட்டு முட்டை என்று விற்ற செய்தியெல்லாம் படித்தவர். அந்த நேரம் பார்த்து ஒரு வெடை கூடையை விட்டு எழுந்தது. அக்கா ஈரம் காயாத அந்த முட்டையை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். தவிட்டு நிறம் இழுவிக்கொண்டு வந்தது, அடியில் வெளுப்பு. "பாரு, சாயம்" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனவர்தான், இன்னும் வரவில்லை. கோழி என் கண் முன்னால் போட்ட முட்டைங்க அது!

மழைக்கோழி:
அது சாயமே இல்லை. ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, நிறம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே படிகிறது. அதனால்தான் ஈரத்தில் தேய்த்தால் கையோடு வரும். உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைக் காட்டியிருக்கலாம், வெளுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு வெடை முட்டைக்கு வந்த புதிதில் இரவு நாய் பஞ்சாரத்தைப் புரட்டிவிட்டது. மறுநாள் முட்டை மேல் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் பூச்சு. பயத்தில் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருந்தால் அப்படி ஆகும். பிறகு பழைய நிறத்துக்கே வந்துவிட்டது.

ஆட்டுப்பட்டி, திண்டுக்கல்:
நிறமெல்லாம் தீனியில்தான். மக்காச்சோளம் போட்டுப் பாருங்கள், தன்னால் சிவக்கும்.

மழைக்கோழி:
சிவப்பது கரு. ஓடு இல்லை. கீரையும் சோளமும் மஞ்சள் கருவோடு நின்றுவிடும்.

ஆட்டுப்பட்டி, திண்டுக்கல்:
சரி, கரு என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் வெடை போட்ட முதல் முட்டையில் ரத்தக்கோடு இருந்தது, வீட்டில் பயந்து தூக்கி எறிந்துவிட்டார்கள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாக வளர்ப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது தின்னும். ஓடு கட்டாத தோல்முட்டை ஒன்றிரண்டு வந்தால் பதறாதீர்கள். கூடை இருட்டு மூலையில் இருக்கட்டும். தண்ணீர் வெயிலில் சுடக்கூடாது. முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை முட்டைக்கு வரும் முன்பே முடித்துவிடுங்கள். எல்லாக் கோழியும் ஒரே சமயத்தில் வெளுப்பாக, ஓடு சுருங்கிப் போட்டு, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் அது ஒருவகைச் சளி நோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் எறும்பு...

கருங்கால்:
அண்ணே, இதையெல்லாம் யார் கேட்டார்கள்? நான் கடக்நாத் என்ற கருங்கோழி வளர்க்கிறேன். கறி கறுப்பு, எலும்பு கறுப்பு, முட்டை மட்டும் வெளிர் சந்தனம். கறுப்பு முட்டைக்காகவே டவுனிலிருந்து ஒருவர் வந்தார். கோழியைத் தூக்கி நாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் கறுப்பாத்தானே இருக்கு, அப்ப முட்டை எங்க?" என்று என்னையே கேட்டார். என்னத்தைச் சொல்ல.
கிழக்குத்தோட்டத்துக்கு ஒரு கேள்வி. தாய்க்கோழியோடு சுற்றிய சேவல் எது? பக்கத்தில் யாராவது வனராஜா, கிராமப்பிரியா மாதிரி கலப்பின ரகம் வளர்க்கிறார்களா? சேவல் மாறினால் அந்தக் கோழி போடும் முட்டை நிறம் மாறாது, ஆனால் அதற்குப் பொரிக்கும் பெட்டைகள் போடுவது மாறும். அக்கா தங்கைக்குள் நிறம் பிரிய அதுவே போதும்.

கிழக்குத்தோட்டம், பல்லடம்:
பக்கத்துத் தோட்டத்தில் கிராமப்பிரியா சேவல் இருக்கிறது. வேலி தாண்டுவதும் உண்டு. அந்தத் தோட்டம் யாருடையது என்கிறீர்கள்? சாயம் என்று சொல்லிவிட்டுப் போன அதே அக்காவுடையதுதான்.