கிடங்கில் கிடக்கும் கலைப்பொருளைக் கவுன்சில் விற்கலாமா? கண்டதை எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்:

இங்கிலாந்தில் கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், ஒவ்வொன்றாகக் கையை விரிக்கின்றன. 2018-இல் நார்த்தாம்ப்டன்ஷயர், 2020-இல் குரோய்டன், 2023-இல் பர்மிங்காம். வரவுக்குள் செலவை அடக்க முடியாது என்று நிதி அதிகாரியே எழுதிக் கொடுக்கும் '114 நோட்டீஸ்' இப்போது வீட்டுப் பேச்சில் வருகிற சொல்லாகிவிட்டது. எங்கள் பக்கத்திலும் நூலக நேரத்தைக் குறைப்பது, முதியோர் பகல் நிலையத்தை மூடுவது என்று ஆலோசனைக் கூட்டம் வைத்தார்கள். ஒருவர் எழுந்து, "யாரும் பார்க்காத படங்களைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அவற்றை விற்றால் என்ன?" என்று கேட்டதும் பாதி மண்டபம் கைதட்டியது. எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இந்த நாட்டில் பொதுச் சொத்தாக உள்ள எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம் சுவரில் இல்லை.

உங்கள் ஊரில் இப்படி விற்றிருந்தால், அல்லது விற்கப் பார்த்திருந்தால் எழுதுங்கள். கருத்து அப்புறம் இருக்கட்டும், நடந்தது முதலில்.

நார்த்தாம்ப்டனில் இருந்து:

அப்படியென்றால் செகெம்காவைப் பற்றி நான் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருந்த எகிப்தியச் சிலை அது. சுண்ணாம்புக்கல், முக்கால் மீட்டர் உயரம், 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. எழுத்தர் ஒருவர் மடியில் சுருளை விரித்து உட்கார்ந்திருப்பார், காலடியில் அவர் மனைவி சிறிய உருவமாக. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இருவரும் நேராக அந்த மனைவியிடம்தான் போவார்கள், ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறார் என்று சண்டை நடக்கும். நார்த்தாம்ப்டன் மார்க்விஸ் என்ற பட்டம் கொண்ட பிரபு ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கொண்டுவந்தார், பிறகு அந்தக் குடும்பமே ஊருக்குக் கொடுத்தது.

ஒரு கட்டத்தில் சிலையைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புப் பிரச்சினை, காப்புறுதி என்று காரணம் சொல்லப்பட்டது. எடுத்து உள்ளே வைத்த பிறகு அதைப் 'பார்க்கப்படாத பொருள்' என்று சொல்வது சுலபமாகிவிட்டது. நான் இன்றும் மறக்காத விஷயம் இதுதான். பூட்டியதும் கவுன்சில், பூட்டிக் கிடக்கிறது என்று விற்கக் கிளம்பியதும் அதே கவுன்சில்.

2014 ஜூலையில் கிறிஸ்டீஸ் ஏலம். 4 முதல் 6 மில்லியன் பவுண்ட் போகும் என்று மதிப்பிட்டது 15.76 மில்லியனுக்குப் போனது. வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் பதாகையோடு நின்றார்கள், எகிப்தும் கடுமையாக எதிர்த்தது. ஊரில் பலர் வாய் பிளந்தது வேறொன்றுக்கு. கொடுத்த குடும்பத்தின் வாரிசுக்கும் உரிமை உண்டு என்று உடன்பாடு போட்டு, ஏறக்குறைய 45 சதவீதம் அவருக்குப் போனது. அடுத்த மாதமே, அருங்காட்சியகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் எங்கள் அருங்காட்சியகத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. 2019 வரை திரும்ப விண்ணப்பிக்கவும் வழியில்லை. அங்கீகாரம் இல்லையென்றால் பல மானியங்களுக்குக் கதவு சாத்தியது மாதிரி. அரசாங்கம் சிலைக்குத் தற்காலிக ஏற்றுமதித் தடை போட்டும், உள்நாட்டில் அந்த விலைக்கு வாங்க ஆள் வரவில்லை. வாங்கியவர் யார் என்று ஊருக்குச் சொல்லவே இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: 2021-இல் விரிவாக்கித் திறந்த கட்டிடம் நன்றாக இருக்கிறது, செருப்புக் காட்சியகம் அருமை. எங்கள் ஊருக்குச் செருப்புத் தொழில்தானே அடையாளம். ஆனாலும் என் மாமியாருக்கு அவருடைய பழைய நெசவுத் துணிகளை எங்காவது கொடுத்து வைக்கலாமா என்று எண்ணம் வந்தபோது, "இவர்களிடம் வேண்டாம்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

கிழக்கு லண்டனில் இருந்து:

எங்கள் கதை விற்காமல் தப்பிய கதை. சிற்பி ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை, போர்வை சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண். ஊர் வைத்த பெயர் 'ஓல்ட் ஃப்ளோ'. 1962-இல் லண்டன் கவுண்டி கவுன்சில் வாங்கி, ஸ்டெப்னியில் ஸ்டிஃபர்ட் குடியிருப்பு நடுவில் வைத்தது. ஏழை மக்கள் இருக்கும் இடத்தில் திறந்த வெளியில் நிற்கப் போகிறது என்பதால் மூர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். நான் சந்தித்த பழைய குடியிருப்பாளர் ஒருவர், சின்ன வயதில் அதன் மடியில் ஏறி உட்காராத பிள்ளையே கிடையாது என்றார். அந்த அடுக்குமாடிகளை இடிக்கும் காலம் வந்ததும் 1997-இல் சிலை யார்க்ஷயர் சிற்பப் பூங்காவுக்குப் போனது.

2012-இல் எங்கள் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலின் அப்போதைய மேயர் லுட்ஃபர் ரஹ்மான் விற்கப் போவதாக அறிவித்தார். 20 மில்லியன் வரை கிடைக்கும் என்று பேச்சு. அப்போதுதான் புரொம்லி கவுன்சில் எழுந்து, சிலையே எங்களுடையது என்றது! பழைய லண்டன் நிர்வாகங்கள் கலைந்தபோது எது யாருக்குப் போனது என்ற வழக்கு 2015-இல் உயர் நீதிமன்றம் வரை போய், டவர் ஹாம்லெட்ஸுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. அதற்குள் மேயர் மாறி, புதியவர் விற்பனையைக் கைவிட்டுவிட்டார். 2017-இல் ஃப்ளோ திரும்பி வந்தாள், ஆனால் கேனரி வார்ஃபில், வங்கிக் கோபுரங்களுக்கு நடுவே. மதியம் சூட் போட்டவர்கள் பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். ஸ்டெப்னிப் பிள்ளைகளுக்காக வாங்கியது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

தாயைப் பராமரிப்பவர்:

எல்லோரும் ஒரே பக்கம் எழுதுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். அம்மாவைப் பார்க்க வரும் உதவியாளரின் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். குளிக்க வைப்பதா, சாப்பாடு கொடுப்பதா, இரண்டில் ஒன்றுதான். அந்தக் கடிதம் கையில் இருக்கும்போது யாராவது நீர்வண்ண ஓவியத்தின் அருமையைப் பேசினால் எரிச்சல்தான் வருகிறது. கொடையாக வந்தது வேறு, கவுன்சிலே காசு கொடுத்து வாங்கியது வேறு. ஹார்ட்ஃபர்ட்ஷயர் கவுன்டி போருக்குப் பின் பள்ளிகளில் மாட்டுவதற்காக வாங்கிச் சேர்த்த 1,800-க்கும் மேற்பட்ட படைப்புகளில் பெரும்பகுதியைக் கழிக்க முடிவெடுத்து, 2019-இல் கேம்பிரிட்ஜில் ஏலம் விட்டது. பள்ளிகள் மாட்டவில்லை, கவுன்சில் பராமரிக்கவில்லை, வாங்கியவர் வீட்டிலாவது ஒருவர் பார்ப்பார். இதில் என்ன தப்பு?

கிடங்கில் தொண்டு செய்தவர்:

சின்னக் குறிப்பு மட்டும். 'பார்க்கப்படாதது' எல்லாம் அலட்சியத்தால் அல்ல. நீர்வண்ணப் படங்களைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில், அதுவும் கொஞ்ச காலம்தான் காட்டலாம், இல்லாவிட்டால் நிறம் வெளுத்துப்போகும். இழுக்கும் கம்பிவலைச் சட்டங்களில் தொங்கிக்கொண்டு அவை ஓய்வெடுக்கின்றன. அங்கே கேட்டு வந்து பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. சரி, நாற்பது வருடமாக யாரும் இழுத்துப் பார்க்காத சட்டங்களும் உண்டு, அதை மறைக்கவில்லை.

வேறொரு கவுன்சிலின் கணக்குப் பிரிவில் வேலை:

அம்மாவைப் பராமரிக்கும் சகோதரிக்குத்தான் இது. உங்கள் கோபம் நியாயம், ஆனால் படத்தை விற்ற பணம் பெரும்பாலும் உங்கள் அம்மாவிடம் வராது. 10,000 பவுண்டுக்கு மேல் விலை போகும் சொத்தை விற்றால் அது 'மூலதன வரவு'. சட்டப்படி அதைக் கட்டிடம், உபகரணம், கடனடைப்பு மாதிரி மூலதனத்துக்குத்தான் செலவிட வேண்டும். உதவியாளர் சம்பளம் அன்றாடச் செலவு, அது வருமானக் கணக்கு. காணியை விற்ற காசில் மாதச் சாமான் வாங்காதே என்று ஊரில் சொல்வார்களே, அதை இங்கே சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். 2016-இலிருந்து, பின்னால் செலவை மிச்சப்படுத்தும் சீர்திருத்தத்துக்கு எடுக்கலாம் என்று ஒரு தளர்வு உண்டு. கடனடைத்தால் வட்டி குறையும். அவ்வளவுதான்.

குரோய்டனைப் பாருங்கள். ரீஸ்கோ என்பவர் சேர்த்த சீனப் பீங்கான்களில் 17-ஐ 2013-இல் ஹாங்காங்கில் விற்று, சுமார் 8 மில்லியன் பவுண்ட் வந்தது. ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸ் அரங்கத்தைப் புதுப்பிக்க என்றார்கள். அந்தச் சீரமைப்புச் செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போனது, 2020-இல் 114 நோட்டீஸும் வந்தது. பீங்கானை விற்றதால் திவால் என்று நான் சொல்லவில்லை. கவுன்சிலின் ஓட்டை எவ்வளவு பெரிதோ, அதற்கு முன்னால் பீங்கான் காசு அவ்வளவு சிறிது.

இழையைத் தொடங்கியவருக்கு: அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருள் கொடையா, வாங்கியதா? கொடையென்றால் எழுத்தில் என்ன நிபந்தனை? விற்ற பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் ஏறும்? மூன்றாவதற்குப் பதில் வரும் வரை கைதட்ட வேண்டாம்.