இரு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பெண்ணுக்காக

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி எல்லையிலுள்ள கம்பம்மெட்டு வழியாக கேரளாவின் இடுக்கிப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய்வந்தாள். அங்கே கங்காணி அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். ஐந்து வாரமாகிறது. பெயர் கேட்காதீர்கள்.

விடியற்காலையில் ஆள் ஏற்றும் ஜீப்பின் ஹாரன் கேட்டால், அவள் கையிலிருக்கும் காப்பி டம்ளர் நடுங்குகிறது. பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னுகிறாள், மறுபடி அவிழ்க்கிறாள்.

"ஏன் கத்தவில்லை?" என்று மாமியாரே கேட்கிறார். உடம்பு மரத்துப்போய் நாக்கு எழவில்லை என்கிறாள். பயத்தில் அப்படி உறைந்துபோகிறவர்கள் பலர். எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் என்று கொள்ளக் கூடாது என இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவே சொல்கிறது. மறுநாளும் வேலைக்குப் போனாளே என்கிறார்கள். வாரக்கூலி அவன் கையில் அல்லவா இருந்தது!

இங்கே காவல் நிலையத்தில், "கேரளாவில் நடந்தது, அங்கே போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். இப்படி மாற்றிய வழக்கை நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? மலையாளமும் வாசிக்கத் தெரிந்த பெண் வழக்கறிஞர் வேண்டும். தமிழில் பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகர் அதைவிட அவசரம். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ இங்கிருந்து அழைத்தால் எந்த மாநிலத்துக்குப் போகும்?

புகார் கொடுப்பதா என்பது அவள் முடிவு. சமாதானமாகப் போகச் சொல்பவர்கள் தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.