மறைந்த நண்பரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர்கள், பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாவி கேமரா:
போன மாதம் என் நண்பனைப் பற்றிய ஆவணப்படத்தைக் கோவையில் முப்பது பேருக்குப் போட்டுக் காட்டினேன். 52 நிமிஷம். அவன் படங்களை இங்கே சிலர் பார்த்திருப்பீர்கள். நொய்யலில் சாயத்தண்ணீர் கலக்கும் இடத்தை மட்டும் ஒன்பது நிமிஷம் காட்டுமே, அது அவனுடையதுதான். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

சொல்ல வந்தது வேறு. எடிட்டிங்குக்காக அவனுடைய மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். 2004 என்று எழுதிய ஒன்றின் கடைசியில், ஷாட் முடிந்த பிறகும் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறான். தோளில் தலைகீழாகத் தொங்கியபடி அது பதினோரு நிமிஷம் பதிவு செய்திருக்கிறது. ரோடு மேலே, வானம் கீழே, நடுவில் அவன் கால்கள். அவன் கேட்கிறான்: "பதினாறு எம்எம் ஃபிலிம் ரோல் ரெண்டு வாங்கணும்டா, காசு குடுத்து உதவு." அதற்கு ஒரு குரல் சொல்கிறது: "உன் படத்தை யாருடா பாக்கறாங்க?" அது என் குரல். அதன்பின் நான்கு நிமிஷம் இருவரும் பேசவில்லை. செருப்புச் சத்தம் மட்டும்தான்.

அந்த நாள் எனக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தப் பகுதியைப் படத்தில் சேர்க்கவில்லை. திரையிடல் முடிந்ததும் அவன் தங்கை வந்து, "நல்லா இருந்துச்சுங்ணா. ஆனா எங்கண்ணன் இவ்வளவு சாந்தமான ஆளெல்லாம் இல்லீங்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் எடுத்தது அவன் படம்தானா?

தெப்பக்குளம்:
சேர்த்திருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நான் 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்தது கல்லூரிக் காலத்தில், பாலக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். நண்பன் செத்துப்போன செய்தியை அவன் அம்மாவிடம் சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்புவான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். பாதிப் படத்தில் கரண்ட் போய்விட்டது. யாரும் எழுந்து போகவில்லை. இருட்டில் பின்வரிசையில் ஒருவர் தன் செத்துப்போன சிநேகிதனைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்தார். மெல்லிய குரல்தான், ஆனால் ஹால் முழுக்கக் கேட்டது. கரண்ட் வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கதையின் மீதி என்ன என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அதை எடுத்த இயக்குநர் ஜான் ஆபிரகாம் 1987 மே 31-ல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். அவரைப் பற்றி யார் பேசினாலும் குடியும் அந்த மாடியும்தான் முதலில் வருகிறது. அழகான கதைகளை மட்டும் சொன்னாலும் பொய், சரிவை மட்டும் சொன்னாலும் பொய். உங்கள் கேசட்டில் இருப்பது இரண்டும் இல்லை. அதை வெட்டியது தப்பு.

மூன்றாவது வரிசை:
தெப்பக்குளத்தார் எளிதாகச் சொல்லிவிட்டார். நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் திரைப்பட சங்கத்து நண்பர் ஒருவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து அவரைப் பற்றிப் படம் எடுத்தார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் என்னை உட்காரவைத்து, "சுவாரசியமா ஏதாவது சொல்லுங்க சார்" என்றார்கள். ஒருநாள் ராத்திரி குடித்துவிட்டு ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்க் கிணற்றுச் சுவரில் படம் காட்டினாரே, அதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் மனைவி டீ தட்டோடு நிலைப்படியில் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

படத்தில் அந்தக் கதை இருக்கிறது. ஊரெல்லாம் அதைப் பார்த்துவிட்டு அருமை என்கிறது. அந்த ப்ரொஜெக்டரை வாங்க அந்தம்மாவின் வளையல் போனது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதை நான் சொல்லவில்லை.

அப்புறம் ஜான் விஷயம். குடி, மாடி மட்டும்தான் பேசுகிறார்கள் என்பதை ஏற்க மாட்டேன். ஜானும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா கூட்டமைப்பு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்ததை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்! நம் ஆட்கள் பேசாமல் விட்டது ஜானுடைய 'அக்ரஹாரத்தில் கழுதை'யைத்தான். அது தமிழ்ப் படம். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை, பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தேசிய விருதும் வாங்கியது. அதில் வேலை செய்த எத்தனை பேரை நாம் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறோம்? குரலைப் பதிவு செய்ய ஒரு டேப் ரெக்கார்டர் போதுமாக இருந்திருக்கும்.

ரீல் பெட்டி:
என் அனுபவம் சின்னது. மாமா எடுத்த சூப்பர் எட்டு ஃபிலிம் சுருள்களை டப்பாவைத் திறந்து பார்த்தபோது காடி வாசனை அடித்தது. ஃபிலிம் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம், அப்போது எனக்குத் தெரியாது. மூடி பரண் மேலேயே வைத்துவிட்டேன். அடுத்த தடவை திறந்தபோது சுருள் சுருங்கி ஓலை மாதிரி வளைந்திருந்தது. மாமா அத்தையின் கல்யாணம் அதில்தான் இருந்தது.

அதனால் சாவி கேமரா, சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் அந்தக் கேசட்டைக் காப்பாற்றுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்காதீர்கள். MiniDV நாடா ஆறு மில்லிமீட்டர் சொச்சம் அகலம்தான். நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்காக இருந்து அதில் ஒருமுறை சிக்கினால் அந்த நான்கு நிமிஷம் திரும்ப வராது. ஹெட்டைச் சுத்தம் செய்த கேமராவில் போட்டு, ஃபயர்வயர் கேபிள் வழியாக அப்படியே கம்ப்யூட்டரில் இறக்குங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் எடுக்காதீர்கள், தரம் போய்விடும். ஒரு மணி நேர கேசட் ஓட ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி வரும். அதை எந்தச் சின்ன ஃபார்மட்டுக்கும் மாற்றாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று அந்தத் தங்கையிடம். பிறகு கேசட்டை முழுக்க ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிறுத்திவையுங்கள். டிவி, ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். ஸ்டீல் பீரோவுக்குள் வெயிலில் வேகவிடவும் வேண்டாம். அவர் எடுத்த பதினாறு எம்எம் சுருள்கள் இருந்தால் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாசனை வருவதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள், அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும்.

தெப்பக்குளம்:
மூன்றாவது வரிசை ஐயா, வளையலை இப்போதாவது அந்தப் படக்காரர்களிடம் சொன்னீர்களா?

மூன்றாவது வரிசை:
இல்லை. அந்தம்மா சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். நேரில் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

சாவி கேமரா:
ரீல் பெட்டிக்கு நன்றி. பழைய லேப்டாப் ஒன்றில் ஃபயர்வயர் இருந்தது. நேற்று இறக்கிவிட்டேன், ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை.

தங்கையைக் கூப்பிட்டு அந்தப் பதினோரு நிமிஷத்தையும் போட்டுக் காட்டினேன். நான் சொன்ன வார்த்தைக்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த இடத்தில் அவள் முகம் மாறவே இல்லை. செருப்புச் சத்தம் வந்ததும்தான் நிமிர்ந்தாள். "இழுத்து இழுத்து நடக்கறான் பாருங்ணா. இதை அம்மாவுக்குக் கேக்க வைங்ணா. அம்மாவுக்கு இப்போ கண்ணு தெரியறதில்ல, இது யாருன்னு நாம சொல்லவே வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குப் போகிறேன். ஸ்பீக்கர் ஒன்று கடன் வாங்கியிருக்கிறேன், லேப்டாப் சத்தம் பத்தாது.