ஹீலியத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் ஏன் இந்தப் பள்ளம்?

தாளும்பென்சிலும்:
சூரியக் குடும்பத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடத்தாளில் புள்ளி வைப்பது மகளின் வீட்டுப்பாடம். நானும் கூட உட்கார்ந்தேன். முதல் தாள் வீண். பெரிலியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயரம் கொடுத்தால் கார்பனுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் வேண்டியிருந்தது! மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்கு என்று வைத்து, மறுபடி வரைந்தோம். அப்போதும் ஹைட்ரஜனும் ஹீலியமும் உச்சியில் நிற்க, லித்தியம், பெரிலியம், போரான் மூன்றும் கிணற்றுக்குள் கிடக்கின்றன. ஆறாவதான கார்பன் மறுபடி மேலே. சிறியதிலிருந்துதானே பெரியது உருவாகிறது? நடுவில் மூன்று படிகளை மிதிக்காமல் கார்பன் எப்படி ஏறியது?

விண்மீன்பித்தன்:
ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாமே சூப்பர்நோவாவில், அதாவது பெரிய விண்மீன் வெடித்துச் சாகும்போது, உருவானவை. இந்த மூன்றும் குறைவாக உருவாகியிருக்கும், அவ்வளவுதான்.

பழையவாத்தியார்:
"குறைவாக உருவாகியிருக்கும்" என்பது கேள்வியையே திருப்பிச் சொல்வது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். இதற்கு மதிப்பெண் போட மாட்டேன். முதல் வாக்கியமும் தவறு.

பெருவெடிப்புக்குப் பின் முதல் இருபது நிமிடங்களில் அணுக்கருச் சமையல் முடிந்துவிட்டது. நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், சொட்டு லித்தியம். ஹீலியம் கருவில் புரோட்டான், நியூட்ரான் என நான்கு துகள்கள். இன்னொன்று வந்து ஒட்டினால் ஐந்து, ஐந்து நிலைக்காது. இரண்டு ஹீலியம் சேர்ந்தால் எட்டு, அதாவது பெரிலியம்-8. அதன் ஆயுள்? ஒரு வினாடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி நூறாக வெட்டுங்கள். அவ்வளவுதான்.

அது உடைவதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து மோதினால் கார்பன் பிறக்கும். அதற்குப் பத்துக் கோடி டிகிரி வெப்பமும், முதிர்ந்த விண்மீனின் மையத்தில் இருக்கும் நெரிசலும் வேண்டும். அதுகூடப் போதாது என்று வானியற்பியலாளர் ஃபிரெட் ஹாயில் 1953இல் கணக்குப் போட்டார்: கார்பன் கருவில் இதற்கென்றே வாகான ஓர் ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் கால்டெக் கல்விநிறுவன ஆய்வகத்தில் தேடினார்கள், 7.65 மெகா எலக்ட்ரான்வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) அருகே இருந்தது. ஆகவே உங்கள் கார்பன் படியேறவில்லை, தாண்டிக் குதித்தது.

தாளும்பென்சிலும்:
அப்படியானால் கிணற்றுக்குள் கிடக்கும் அந்தக் கொஞ்சமும் எங்கிருந்து வந்தது, ஐயா?

பழையவாத்தியார்:
இதைத்தான் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். விண்மீன்கள் இம்மூன்றையும் பெரும்பாலும் தின்றுவிடும். லித்தியம் சுமார் 25 லட்சம் டிகிரியிலேயே அழியும். சூரியக் குடும்பம் பிறந்தபோது இருந்த கலவையை அப்படியே வைத்திருக்கும் விண்கற்களோடு ஒப்பிட்டால் சூரியனின் மேற்பரப்பில் லித்தியம் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தனிமங்களின் பிறப்பை விளக்கிய 1957ஆம் ஆண்டின் பெயர்பெற்ற கட்டுரையில் பர்பிட்ஜ் தம்பதியும் ஃபௌலரும் ஹாயிலும் இவற்றின் வழிமுறைக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிய அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

1970இல் ரீவ்ஸ், ஃபௌலர், ஹாயில் மூவரும் விடை தந்தார்கள். அண்டக்கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் அணுக்கருத் துகள்கள், ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறந்து, விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் கார்பன், ஆக்சிஜன் கருக்களில் மோதிச் சிதறடிக்கின்றன. அந்தச் சில்லுகள்தாம் பெரிலியமும் போரானில் பெரும்பகுதியும். சாட்சி வேண்டுமா? அண்டக்கதிர்களிலேயே, கார்பனுக்கு இத்தனை என்று பார்த்தால், பெரிலியம் சூரியக் குடும்பத்தில் இருப்பதைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம். வழியில் உடைந்துகொண்டே வந்ததன் தடயம் அது.

விண்மீன்பித்தன்:
என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். லித்தியத்துக்கும் இதே கதைதானா?

பழையவாத்தியார்:
பாதிக் கதை. கொஞ்சம் பெருவெடிப்பு, கொஞ்சம் சில்லு, மிச்சத்தில் நோவா வெடிப்புகளுக்கும் (இறந்த விண்மீனின் மேற்பரப்பில் மட்டும் நடக்கும் வெடிப்பு, சூப்பர்நோவா அல்ல) பங்கு உண்டு. 2013இல் வெடித்த ஒரு நோவாவின் ஒளியில் பெரிலியம்-7 தென்பட்டது. 53 நாளில் அதில் பாதி லித்தியமாகிவிடும். ஆகையால் மகளிடம் சொல்லுங்கள், பள்ளத்தில் மூன்று புள்ளிகளுக்கும் ஒரே வண்ணம் தீட்ட வேண்டாம்.