மறு: அன்மேனேஜ்ட் சுவிட்ச் – 'மேலாண்மையற்ற' வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

'ரக்டு அன்மேனேஜ்ட் சுவிட்ச்' (rugged unmanaged switch) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. தொழிற்சாலைக் கருவிகளை ஈதர்நெட் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி இது; அமைப்புகளை நாம் மாற்ற முடியாத வகை. 'மேலாண்மையற்ற நிலைமாற்றி' என்பதற்கே ஆதரவு கூடி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பினாங்கில் பிறை, பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலைகளில் கண்ட்ரோல் பேனல் வேலை செய்பவன் நான். அந்தச் சொல்லைப் பேனல் கதவில் ஒட்டினால், கவனிக்க ஆளில்லாமல் விட்ட பெட்டி என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'நிர்வகிக்கப்படாத' என்பதும் அதே கதைதான்.

சொல்லைத் தேடும் முன் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 24 வோல்ட் டிசி கொடுத்துக் கேபிளைச் செருகினால் போதும், வேலை தொடங்கிவிடும். எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாள எண்) எந்தத் துறையிலிருந்து (போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய்) பேசுகிறது என்று தானே கவனித்து ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அடுத்த சட்டகம் (ஃபிரேம், அதாவது தரவுத் துண்டு) வந்தால் உரிய துறைக்கு மட்டும் அனுப்பும். முகவரி தெரியாவிட்டால் வந்த துறையைத் தவிர மற்ற எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிப் பார்க்கும். பேச்சு மூச்சில்லாத கருவியை, வழக்கமாக 5 நிமிடத்தில், அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். இவ்வளவு நிர்வாகமும் உள்ளேயே நடக்கிறது. நாம் நுழைந்து மாற்ற ஒரு பக்கமோ கடவுச்சொல்லோ கிடையாது என்பதே இதன் தனித்தன்மை.

ஆகவே என் பரிந்துரை 'அமைவிலி நிலைமாற்றி', அதாவது நாம் அமைக்க வேண்டியது எதுவும் இல்லாதது. 'கம்பியிலி'யைப் பாருங்கள். அதுவும் இல்லாமையைச் சொல்லும் சொல்தான். ஆனால் யாரும் அதைக் குறையாகக் கேட்பதில்லை, கம்பி தேவைப்படாத வசதி என்றே எடுத்துக்கொள்கிறோம். எதிர்வகையான மேனேஜ்ட் சுவிட்சுக்கு 'மேலாண் நிலைமாற்றி' இருக்கட்டும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

'நிலைமாற்றி'யையே தூக்கிவிட்டு 'ஆளி' வைக்கலாம் என்று இலங்கை நண்பர் எழுதியிருந்தார். பள்ளிப் பாடத்தில் நன்றாகப் பழகிய சொல்தான். ஆனால் ஒரே பேனலுக்குள் மின்னாளியும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மலாயில் இரண்டுக்கும் 'சுயிஸ்' என்று சொல்லிவிட்டு, எந்த சுயிஸ் என்று கேட்கும் பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது 'ரக்டு', அதாவது கடினமான சூழலையும் தாங்கும் வகை. இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. 'முரட்டு' வேண்டாம், அது ஆளைச் சொல்வதுபோல் இருக்கிறது. 'வல்லுடல்' கேட்க அழகு, ஆனால் வல்லமை உடலில் மட்டும் இல்லை. அலுவலக சுவிட்ச் ஒன்றை இரும்புப் பெட்டியில் அடைத்துவிட்டால் அது ரக்டு ஆகிவிடாது. அலுவலக வகை பொதுவாக 0 முதல் 40 பாகை வரைதான் உத்தரவாதம். வெயில் படும் சுவரில் மாட்டிய பேனலுக்குள், பக்கத்திலேயே இன்வெர்ட்டரும் சுடும்போது, பினாங்குச் சூட்டுக்கு 40 எந்த மூலைக்கு? கடுஞ்சூழல் வகையில் −40 முதல் 75 வரை கிடைக்கிறது. விசிறி கிடையாது. தூசியில் முதலில் அடைத்துக்கொள்வதும் தேய்ந்து நிற்பதும் விசிறிதானே. சாதாரண மின்தேக்கிகள் சூட்டில் உள்ளே உலர்ந்துபோகும் என்பதால் பாகங்களும் அதற்கென்று தேர்ந்தவை. மின்சாரம் இரண்டு வழியில் வரும்; ஒன்று போனால் மற்றது தாங்கும், பல மாடல்களில் ரிலே வழியாக எச்சரிக்கையும் போகும். அப்புறம் 35 மில்லிமீட்டர் டின் ரயிலில் (பேனலுக்குள் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டும் கொக்கி.

இத்தனையையும் 'கடுஞ்சூழல்' என்ற அடை தாங்குகிறது. 'கடுஞ்சூழல் தாங்கி' என்று நீட்ட வேண்டாம். தொழிற்சாலையில் 'தாங்கி' என்றால் பேரிங்.

கூடவே ஒரு வேண்டுகோள். ஐபி முகவரியே இல்லாத பெட்டியின் மேல் 'ஐபி30' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் புதிய பையன்கள் குழம்புகிறார்கள். இது வேறு ஐபி. தூசியும் நீரும் புகாமல் காக்கும் தரம். ஐபி30 என்றால் நீர்க்காப்பு சுத்தமாக இல்லை. எம்12 என்னும் திருகி இறுக்கும் வட்ட இணைப்பிகளோடு வரும் ஐபி67 வகைக்குள் தூசி நுழையாது, 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். இந்த ஐபியைத் தமிழில் 'காப்புத்தரம்' என்று எழுதினால் குழப்பம் தீரும்.

முழுச்சொல்: கடுஞ்சூழல் அமைவிலி நிலைமாற்றி.

———

ஐயா, வணக்கம். கிள்ளானிலிருந்து.

'கடுஞ்சூழல்' சரி. 'அமைவிலி'யில் ஒரு தடை. பல பெட்டிகளில் முகப்பிலேயே குட்டி டிப் சுவிட்சுகள் இருக்கின்றன, பரப்புப் புயலை (பிராட்காஸ்ட் ஸ்டார்ம், எல்லாருக்கும் போகும் சட்டகங்கள் பெருகி வலையை அடைப்பது) தடுக்க என்று. அதைத் தள்ளிவிடுவதும் அமைவுதானே? இது சின்ன விஷயமில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே யாரோ இரண்டாவது கேபிளைச் செருகிவிட்டால் வளையம் உண்டாகிவிடும். ஐபி பொட்டலத்துக்கு (ஐபி முகவரி வைத்துப் போகும் தரவு) எத்தனை தாவலில் அழிய வேண்டும் என்ற ஆயுள் கணக்கு உண்டு, ஈதர்நெட் சட்டகத்துக்குக் கிடையாது. அது சுற்றிக்கொண்டே பெருகும், மொத்த லைனும் நின்றுவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் வகுத்த, வளையத்தைக் கண்டு துண்டிக்கும் ஸ்பானிங் ட்ரீ முறை மேலாண் வகையில் இருக்கும். இந்த வகையில் பொதுவாக இருக்காது. 'அமைவிலி' என்றதும் எப்படி வேண்டுமானாலும் செருகலாம் என்று ஆகிவிடக் கூடாது.

———

தம்பி சொல்வது நியாயம். ஆனால் டிப் சுவிட்ச் தொழிற்சாலையில் பூட்டிய வசதியை ஏற்றி இறக்குவதோடு சரி. முகவரி வைக்கவோ, துறைகளைப் பிரிக்கவோ, தொலைவிலிருந்து நிலையைக் கேட்கவோ அதனால் ஆகாது. கம்பியிலிக் கருவிக்கும் சார்ஜர் கம்பி இருக்கத்தானே செய்கிறது! வளைய எச்சரிக்கையைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது, விளக்கத்தின் முதல் வரியில் போடுவோம்: "தன் துறைகளுக்கிடையே வளையம் உண்டானால் தானாகத் துண்டிக்காது." 'பரப்புப் புயல்' நல்ல சொல். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், டிப் சுவிட்சுக்கும் ஒரு பெயர் யோசித்து வையுங்கள்.