மறு: ‘றீச்’சுக்கு அடைவு வேண்டாம், ‘கண்டோர்’ போதும்

குழுமத்தாருக்கு வணக்கம்.

சிறுதொழில் செய்பவர்களுக்கான இன்ஸ்டகிராம் கையேட்டில், ஒரு பதிவு எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று காட்டும் ‘றீச்’சுக்கு (reach) எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று வந்த மடல்களை எல்லாம் சேர்த்து வாசித்தேன். அடைவு, வீச்சு, சென்றடைவு என்று மூன்று சொற்கள் களத்தில் நிற்கின்றன. மூன்றும் யாழ்ப்பாணத்தில் இடறும்.

> அடைவு சுருக்கமானது. ‘அடை’ என்ற வினையிலிருந்து நேரே வருகிறது.

வருகிறதுதான். ஆனால் சென்னையிலிருந்து எழுதிய ஐயாவுக்கு எங்கள் ஊர் அடைவு பழக்கமில்லை போலும். இங்கே நகையை வைத்துக் காசு எடுப்பதுதான் அடைவு. அடைவு வைப்பது, அடைவு மீட்பது எல்லாம் வீட்டுக்கு வீடு புழங்கும் பேச்சு. பனங்கட்டி விற்கிற ஒரு அக்காவிடம் “இந்த மாதம் உங்கட அடைவு நல்லாக் கூடியிருக்கு” என்று சொல்லிப் பாருங்கள், முதலில் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலோ பிள்ளைகளின் தேர்ச்சியை ‘அடைவு மட்டம்’ என்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிற சொல்லுக்கு மூன்றாவதையும் கொடுக்க வேண்டாம்.

> அப்படியானால் வீச்சு?

இலங்கைப் பாடநூலில் கணிதம் படித்தவர்களுக்கு வீச்சு என்பது மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது. அதை மறந்துபோனவர்களுக்கும், எவ்வளவு தூரம் என்ற பொருளைத்தான் அது தரும். நமக்கு வேண்டியது தலைக்கணக்கு.

சென்றடைவு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கையேட்டை வாசிக்கப் போகிறவர்கள் கொழும்புக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள். ‘சென்றடைவு 400’ என்றால் பார்சல் போய்ச் சேர்ந்த கணக்கு என்றே எடுப்பார்கள்.

சொல்லைத் தேடுமுன் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்ப்போம். ஒரு பதிவை எத்தனை தனித்தனிக் கணக்குகள் கண்டன என்பதே றீச். ஒருவர் நாலு தரம் பார்த்தாலும் ஒன்றுதான். ‘வியூஸ்’ அப்படியல்ல, நாலு தரமும் நாலாக ஏறும். முன்பு இம்ப்ரெஷன் (பதிவு திரையில் தோன்றிய தடவைகள்) என்று காட்டியதை ஓரங்கட்டிவிட்டு, 2024 முதல் வியூஸைத்தான் இன்ஸ்டகிராம் முதன்மை அளவாக முன்னுக்கு வைக்கிறது. குழப்பம் கூடியது அதற்குப் பிறகுதான். வியூஸ் பெரும்பாலும் பெரிய எண், பார்த்தால் மனம் நிறையும். பருத்தித்துறை வடை தட்டிப் பொரிக்கிற ஒரு றீல்ஸுக்கு வியூஸ் 900, றீச் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆளுக்கு மூன்று தரம் ஓடியிருக்கிறது, 900 பேர் வந்துவிடவில்லை. அந்த 300இல் ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் எவ்வளவு, பின்தொடராதவர்கள் எவ்வளவு என்றும் செயலியே பிரித்துக் காட்டும். கடைக்காரர் கவனிக்க வேண்டியது இரண்டாவது பங்கை. காசு கட்டிப் பதிவை விளம்பரமாக ‘பூஸ்ட்’ பண்ணுவதா என்று முடிவெடுக்கவும் இதுதான் உதவும். ஆகவே ஒன்று ஆளை எண்ணுகிறது, மற்றது தடவையை எண்ணுகிறது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும்.

என் முன்மொழிவு: றீச் = கண்டோர். வியூஸ் = காண்தடவை.

‘பார்த்தோர்’ இன்னும் எளிது அல்லவா என்று ஒருவர் கேட்பார். யாழ்ப்பாணத்தில் காணுதலும் பார்த்தலும் வேறுவேறாக இன்னும் உயிரோடு இருக்கின்றன. “நேற்று உங்களைச் சந்தையில கண்டனான்” என்றால் கண்ணில் பட்டீர்கள், அவ்வளவுதான். பார்த்தல் என்றால் வேண்டுமென்று பார்ப்பது. திரையை விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் ஒரு பனங்கட்டிக் குட்டான் (பனையோலைச் சிறுபெட்டி) பட்டுப் போனாலும் றீச்சில் ஒன்று ஏறிவிடுகிறது. அவர் நின்று பார்த்தாரா, விலை கேட்டாரா என்பது வேறு கணக்கு. அதனால் ‘கண்டோர்’ உள்ளதைவிடக் கூடுதலாக எதையும் சொல்லிவிடாது. விளம்பரம் செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் பெரிய றீச்சைக் காட்டிக் காசு கேட்கும்போது, வெறும் கண்டோர்தானே என்று கடைக்காரர் திருப்பிக் கேட்கலாம்!

> கணக்குகளைத்தானே எண்ணுகிறார்கள், ஆட்களை அல்லவே? ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே கைபேசியில் பார்த்தால்?

சரியான கேள்வி. ‘கண்ட கணக்குகள்’ என்றால் துல்லியம் கூடும், ஆனால் கடைக்காரருக்குக் கணக்கு என்றால் வரவு செலவு. கண்டோர் என்றே வைத்துக்கொண்டு, ஒரு கணக்கை ஒருவராகக் கொள்வதாக முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

விளம்பரப் பகுதியில் வருகிற ‘ஃப்ரீக்வென்சி’க்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். காட்டிய தடவைகளைக் கண்டோரால் வகுத்தால் வருவது அது. எங்கள் பாடநூலில் ‘மீடிறன்’ இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சை எழுதிய எவருக்கும் தெரியும். தமிழ்நாட்டுப் பதிப்பு வந்தால் அவர்கள் ‘நிகழ்வெண்’ போடட்டும்.

இன்னொன்று. கண்டோர் எந்த நகரத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலுக்கு ‘கண்டோர் ஊர்கள்’ என்று எழுதலாம். யாழ்ப்பாணக் கடைகளுக்கு இது பெரிய விஷயம். பட்டியலில் ரொறன்ரோவும் லண்டனும் முன்னுக்கு நின்றால் வீண் என்று விட்டுவிடத் தேவையில்லை. அங்கிருந்து காசு கட்டி, இங்குள்ள அம்மா அப்பாவுக்குக் கேக் அனுப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுடச்சுட விற்கிற வடைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கண்டோர் வேண்டும்.

‘காண்தடவை’ வாயில் கொஞ்சம் இடிக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. ‘காட்சி’ என்று போட்டால் திரையரங்கு நினைவு வரும். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். விருப்பம், கருத்து, பகிர்வு போன்றவற்றைக் குறிக்கும் ‘எங்கேஜ்மென்ட்’டைத் தனி இழையில் எடுப்போம், அதற்கு நிச்சயதார்த்தம் என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து